ஏழாம் நம்பர் காம்பராவின் முற்றுகை

பதினேழு வயதில் ஓர் ஆங்கில அகராதியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை மூன்றே நாளில் படித்து முடித்தவள் நான். மழை விடாமல் பெய்ததால்தான் மூன்று நாள் பிடித்தது. வெயில் அடித்திருந்தால் இரண்டே நாள். இதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். கொஞ்சம் என்ன, நிறையவே கூட்டிச் சொல்கிறேன். படித்தது மொத்தம் நாற்பது பக்கம் இருக்கும். மீதியைப் புரட்டினேன். அதுவும் எந்தக் காலத்துத் துரைசாணியோ தாள்களுக்கு நடுவில் அழுத்தி வைத்திருந்த பூக்களைத் தேடித்தான்.

அகராதியும் என்னுடையது அல்ல. மனு எழுதும் சோலைமலையுடையது.

தலவாக்கலை டவுனில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எங்கள் துணிக்கடை இருந்தது. அப்பா சிதம்பரநாதன் கடைக்கு உள்ளே. கடையின் முன் கூரைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நாற்காலி, சோலைமலை. மெலிந்த மனிதர். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. தூங்கும்போதும் அதோடுதான் தூங்குவார், கனவிலும் அதோடுதான் வருவார் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். சிலர் நம்பினார்கள்.

அவருடைய அப்பா ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் கோக்கியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். மகன் ஆங்கிலம் படித்தது அந்தக் குசினியில். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர், இறைச்சி சுற்றி வந்த பழைய பேப்பரை விரித்து உலர்த்திப் படித்தார். துரை மேசையில் பேசுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். நாற்பத்தெட்டாம் வருஷம் அந்தத் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். பங்களாப் புல்வெளியில் சாமான்களைப் பரப்பி ஏலம் போட்டார்கள். கட்டிலுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் ஆள் இருந்தது. தடித்த தோல் அட்டை போட்ட அகராதிக்கு யாரும் வாய் திறக்கவில்லை. விரிசல் விட்ட முகம் கழுவும் பீங்கானோடு அதையும் சேர்த்துச் சோலைமலையின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் சில தாள்கள் அதில் இல்லை. அது எந்த வருஷத்தில் அச்சானது என்று சொல்லக்கூடிய தாளும் அதோடு போயிருந்தது.

அதே வருஷத்தில்தான் தோட்டத்து ஆட்களை வெளியாட்களாக்கிய குடியுரிமைச் சட்டமும் வந்தது. மலையில் பிறந்து, மலையிலேயே கொழுந்து எடுத்து, அங்கேயே பல் விழுந்தவர்கள்கூட ஒரே நாளில் விண்ணப்பதாரர்கள் ஆனார்கள். விண்ணப்பதாரர் என்று ஒரு கூட்டம் உண்டானால் எழுதிக்கொடுக்க ஒருவர் வேண்டும். சோலைமலை கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குந்தி உட்கார்ந்து, நடந்ததைச் சொல்வார்கள். சோலைமலை எழுதுவார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று, எழுதியதை ஆங்கிலத்திலேயே உரக்க வாசிப்பார். கேட்கிறவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. இருந்தும் வாசித்துக் காட்டாத மனுவை யாரும் கையில் வாங்கமாட்டார்கள். கண்ணை மூடிக் கேட்பார்கள். சொல் நீளமாக, தொண்டைக்குள் உருண்டு வந்தால் தலையாட்டுவார்கள். சப்பென்று போனால் கண்ணைத் திறப்பார்கள்.

"இந்த எடத்துல கொஞ்சம் கனம் பத்தலைங்களே" என்பார் ஒருவர்.

"எந்த எடத்துல?"

"இப்ப வாசிச்சீங்களே, அந்தக் கடைசிக்கு முந்தின எடம். அங்க நான் அழுவணும்ங்க. அழுகை வரல."

சோலைமலை உட்கார்ந்து அகராதியைப் புரட்டுவார். கனமான சொல் ஒன்றைத் தூக்கிவந்து அந்த இடத்தில் வைப்பார். மறுபடி வாசிப்பார். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சரிங்க" என்பார்.

"அவங்க மனுவைக் கேக்க வரல, நிறுக்க வர்றாங்க" என்று அப்பா உள்ளேயிருந்து சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனுக்களுக்குப் பதில் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி அச்சடித்த அட்டை வரும். சில சமயம் அதுவும் வராது. ஏழு வருஷம் இப்படிப் போயிற்று.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஆகஸ்ட் விடுமுறை. கண்டியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த நான் வீட்டுக்கு வந்திருந்தேன். கடை வாசலில் சோலைமலைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் அகராதியுமாக இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னராசா வந்தான். முப்பது வயது ஆள். நனைந்த கம்பளியைக்கூட உதறாமல் படியிலேயே நின்றான்.

"உக்காருங்க. என்ன விசயம்?" என்றார் சோலைமலை.

"உக்கார நேரமில்லைங்க. எங்கண்ணன உள்ள வச்சு அடைச்சிருக்காங்க."

"ஸ்டேசன்லயா?"

"இல்லைங்க. வீட்டுலயேதான்."

அவனுடைய அண்ணன் பழனியாண்டியும் அண்ணி அம்மாக்கண்ணும் ஊசிப்பாறைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அம்மாக்கண்ணுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. செங்குத்தான மலைக்கு அவளைக் கொழுந்தெடுக்க அனுப்பவேண்டாம் என்று, காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் போடும் பெரட்டுக் களத்தில், பழனியாண்டி வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டிருக்கிறான். கேட்டது குற்றமில்லை, துரை காதில் விழும்படி கேட்டதுதான் குற்றம். அன்றே இருவருக்கும் பத்துச்சீட்டுக் கிழித்துவிட்டார்கள். வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று சொல்லும் தாள் அது. மூன்று நாளில் காம்பராவைக் காலி செய்யவேண்டும்.

பழனியாண்டி காலி செய்யவில்லை. லயத்தில் வரிசையாக இருந்த பத்து அறைகளில் ஏழாம் நம்பர் காம்பரா அவர்களுடையது. பிள்ளை பிறக்கும்வரை நகரமாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டான். புதன்கிழமை காலையில் லயத்தின் இரண்டு முனையிலும் இரண்டு காவல்காரர்கள் வந்து நின்றார்கள். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலியைக் கழற்றிவிட்டார்கள். அரிசி நின்றது. வெளியிலிருந்து யாரும் உள்ளே போகக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் வெளியே வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் வந்த அடுத்த நிமிஷம் கதவுக்கு ஆணி அடிக்கப்படும். ஒரு கை அரிசி கொடுக்கிறவர்களுக்கும் இதே தாள்தான் என்று பெரட்டில் சொல்லியாயிற்று.

"எப்பிடிச் சாப்பிடுறாங்க?" என்று கேட்டேன்.

"காம்பராவுக்குக் காம்பரா நடுச்சுவரு கூரைவரைக்கும் போகாதுங்க, பாப்பா. மேல ஒரு முழம் சந்து இருக்கும். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா அதுவழியா போத்தல்ல கஞ்சி எறக்கிவிடுது. கூரைத் தண்ணிய கைய வெளிய நீட்டிப் பிடிக்கிறாங்க. மழை உள்ளவரைக்கும் தண்ணிக்குப் பயமில்லைங்க. பிள்ளைதான்." அவன் சோலைமலையைப் பார்த்துத் திரும்பினான். "அண்ணிய தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். பிள்ளையோட அதே காம்பராவுக்குத் திரும்பி வரணும். அவ்வளவுதாங்க. கவுருமெண்டுக் கந்தோர்லேருந்து ஒரு ஆபீசர் ஐயா வந்து நின்னு, இவளப் போக விடு, வர விடுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சோலைமலை எழுதினார். எழுந்து நின்று வாசித்தார். நல்ல மனு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கே ஒவ்வொரு வரியும் விளங்கிற்று. ஓர் அறைக்குள் ஒரு கர்ப்பிணி அடைபட்டிருக்கிறாள், ஆட்கள் காவல் நிற்கிறார்கள், தண்ணீரும் அரிசியும் நிறுத்தப்பட்டிருக்கின்றன, பிள்ளை எந்த நேரமும் பிறக்கலாம், தயவுசெய்து வாருங்கள்.

சின்னராசா கண்ணைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, துரை வீட்டு ஆயா பேசற இங்கிலீசு மாதிரி இருக்கு."

"எல்லாம் வந்துருச்சேப்பா."

"வந்துருக்குங்க. ஆனா அடைச்சு வச்சிருக்காங்கன்னா, மாட்டையும்தான் அடைச்சு வைக்கிறோம். எங்கண்ணன் அங்க உக்காந்திருக்கிறது வேற மாதிரிங்க."

அவன் சொன்னது சரி என்று சோலைமலைக்கும் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

"பாப்பா, தமிழ்ல இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

எனக்குக் கேட்கவேண்டுமா? விடுதியில் தமிழ் வகுப்பில் முதல் மார்க்கு. "முற்றுகை" என்றேன். "அந்தக் காலத்துல கோட்டைய வளைக்கிறவங்க உழிஞைப் பூ வச்சுக்குவாங்க, அண்ணே. உள்ள இருந்து காக்கிறவங்க நொச்சிப் பூ வச்சுக்குவாங்க."

"பூ வச்சுக்கிட்டா சண்டை போட்டாங்க?" என்றான் சின்னராசா.

"ஆமா."

"இங்க காவக்காரனுக பீடி வச்சிருக்கானுக."

முற்றுகை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சோலைமலை அகராதிக்குள் இறங்கினார். 'சீஜ்' என்று ஒன்று கிடைத்தது. வாயில் போட்டுப் பார்த்தார். "இது தும்மல் மாதிரி முடிஞ்சிருது." 'பிளாக்கேட்' வந்தது. "இது கப்பலுக்குச் சொல்றது. ஊசிப்பாறைக்குக் கப்பல் எங்க வரும்?" இன்னும் பக்கங்கள் புரண்டன. பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. அந்தச் சொல் 'லீகர்'.

அதற்கு அகராதி சொன்ன பொருளை அவர் எங்களுக்காகத் தமிழில் நிதானமாகச் சொன்னார். "ஒரு ஊரைச் சுத்திப் படை வந்து பாளையம் எறங்கும். சண்டை போடாது. சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கும். உள்ள இருக்கிறவங்க பசி வந்து, அவங்களே கதவத் தெறக்கிற வரைக்கும்."

சின்னராசா படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இதுதாங்க" என்றான். "இதேதான் நடக்குது."

லீகர் என்ற சொல் மனுவில் மூன்று இடத்தில் ஏறியது. சோலைமலை மறுபடி வாசித்தபோது சின்னராசா கண்ணை மூடிக்கொண்டான். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. தபாலில் போடப் போகும்போது அந்தச் சொல்லை அவன் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.

மனு திங்கட்கிழமை தபாலில் போயிற்று. வியாழக்கிழமை கந்தோரிலிருந்து திரும்பி வந்தது. லீகர் என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் இரண்டு வரி: இந்தச் சொல்லின் பொருள் என்ன? விளங்கும்படி எழுதி மறுபடி சமர்ப்பிக்கவும்.

"அண்ணே, பேசாம சீஜ்னு மாத்தி இன்னைக்கே தபால்ல போட்ருவோம்" என்றேன்.

சோலைமலை என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அந்தச் சிவப்பு மையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மாப்பிள்ளைக் களை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

"கேட்டிருக்காரு பாப்பா" என்றார். "ஏழு வருசத்துல எத்தனை மனு. ஒருத்தன்கூட ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதில்ல. இவரு படிச்சிருக்காரு. படிச்சதுனாலதான் கேட்டிருக்காரு. படிச்சவரு கேட்டா முழுசா சொல்லணும்ல?"

வியாழன் பிற்பகல் முழுக்கவும் வெள்ளி காலையிலும் எழுதினார். தவறெல்லாம் அவர்மீது போட எனக்கு மனம் வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, குஷியாக, நல்ல எழுத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம். முதலில் சொல்லின் பொருள். பிறகு அதற்கு இணையான சொற்கள், ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம், எது கப்பலுக்கு, எது கோட்டைக்கு. கடைசியில், அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி உபயோகிப்பது என்பதற்கு உதாரணங்கள். உதாரணங்களை அவர் அகராதியிலிருந்து எடுக்கவில்லை. தாமே எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

ஏழாம் நம்பர் காம்பராவின் முற்றுகை பத்தாவது நாளில் நிற்கிறது.

முற்றுகை இட்டவர்களிடம் பீடியும் குடையும் உண்டு. முற்றுகைக்குள் இருப்பவளிடம் ஒரு போத்தல் கஞ்சி உண்டு.

முற்றுகைக்குள் இருக்கும் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கும் நாள் தெரியாது, முற்றுகைக்கும் தெரியாது.

ஒரு மனிதர் நடந்து வந்து கதவருகில் நின்றால் முற்றுகை முடிந்துவிடும்.

அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் நல்லது அதுதான். பிறகு கல்லூரியில் எத்தனையோ படித்தேன். நான்கே வரியில் அப்படி எழுதியவர்கள் குறைவு. இதைக் கூட்டிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பகல் தபாலில் அது போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை அடித்து ஊற்றிக்கொண்டிருக்கையில் அம்மாக்கண்ணுக்கு வலி கண்டது. மருத்துவிச்சியைக் காவல்காரர்கள் உள்ளே விடவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு, அவர்களுக்கும் ஒரு துரை உண்டு. பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா அடுக்குப்பானையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, நடுச்சுவரின் மேல் இருந்த அந்த ஒரு முழச் சந்துக்குள் உடம்பை நுழைத்து, மறுபக்கம் குதித்தாள். ஐம்பது வயதுக்காரி. அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். பிள்ளை கொடி சுற்றி வந்தது. ஆஸ்பத்திரியாக இருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். பெண் பிள்ளை. அழவே இல்லை.

அன்றைக்கே மழை வெறித்ததும் பழனியாண்டி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். சின்னப் பிள்ளைகளைத் தேயிலைக்கடியில் தகப்பன்தான் கொண்டுபோய்ப் புதைக்கவேண்டும். அது அங்கே முறை. காவல்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருவர் தலைப்பாகையைக்கூடக் கழற்றினாராம். மண்வெட்டியோடு அவன் திரும்பி வந்தபோது ஏழாம் நம்பர் கதவில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. அம்மாக்கண்ணு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சட்டிபானைகளுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் மண்வெட்டியைக் கழுவி, அது யாருடையதோ அவர்கள் வாசலில் சாத்தி வைத்தான்.

புதன்கிழமை கந்தோர் ஐயா ஜீப்பில் வந்தார். ஆணி அடித்த கதவைப் பார்த்தார். உள்ளே எவரும் இல்லை, புகாருக்கு இடமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

இதையெல்லாம் சின்னராசா வந்து சொல்லும்போது சோலைமலை எழுந்து நின்று கேட்டார். மனு வாசிக்கும்போது நிற்பது போலவே நின்றார்.

"நீங்க நல்லாத்தான் எழுதினீங்க" என்றான் சின்னராசா. அவன் குத்திப் பேசவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்தான்.

விடுமுறை முடிந்து நான் கண்டிக்குப் போகும்போது, சோலைமலை ஒரு துண்டுத்தாளில் அந்தச் சொல்லை எழுதி, விடுதியில் ஆங்கிலம் சொல்லித்தரும் டீச்சரிடம் கேட்டுவரச் சொன்னார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இது எங்கே கிடைத்தது உனக்கு? இந்தச் சொல் செத்துப் பல காலம் ஆயிற்று" என்றார். டிசம்பரில் ஊருக்கு வந்து அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. பதினேழு வயதில் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று யாருக்குத் தெரியும்?

"செத்துப்போச்சுன்னு புஸ்தகத்துல போடலையே பாப்பா" என்றார் அவர். "மத்த சொல்லுங்களோட ஒண்ணாத்தான் இருந்துச்சு. உசிரோட இருக்கிறது மாதிரியே இருந்துச்சு."

அதன் பிறகு பத்து வருஷம் அவர் கனமான சொல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எழுதும்போது ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் பேனாவை மூடிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துபோவார். டிக்கெட் கிளார்க்கிடமோ, ரயிலுக்கு நிற்கும் கால்சட்டைக்காரர் யாரிடமோ, "ஐயா, இந்தச் சொல்லு இப்ப பொழக்கத்துல இருக்குங்களா?" என்று கேட்டு வருவார். சொல்லுக்கு நாடி பார்க்கிறாரென்று டிக்கெட் கிளார்க் அவருக்கு ஆஸ்பத்திரி டாக்டர் என்று பேர் வைத்தார். ஆட்கள் மனுவைக் கேட்டுக் கண்ணை மூடுவது நின்றுபோயிற்று. "ஐயாவுக்கு இங்கிலீசு எறங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினார்கள். அப்பா மட்டும் நாற்காலியை எடுக்கச் சொல்லவில்லை.

அறுபத்து நான்கில் எங்கள் நாடும் இந்தியாவும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தம் வந்தது. அடுத்த வருஷம் ஒரு நாள் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அப்போது நான் கல்யாணமாகி, பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தேன். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சோலைமலைக்குத் தெரிந்தது.

"அம்மாக்கண்ணு" என்றார்.

"ஆமாங்கய்யா. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இருக்கோம். அவருக்குக் காச்சல், நடக்க முடியல. இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுக்கணும்னாங்க. அதான் வந்தேன்."

"அங்க கிட்ட யாரும் எழுதுறவங்க இல்லியா?"

"இருக்காங்க. அவரு, சோலைமலை ஐயாகிட்டத்தான் எழுதணும்னாரு. அன்னைக்கு எழுதினீங்களே, அந்த மாதிரி கனமா எழுதணுமாம்."

சோலைமலை மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தச் சொல்லாலதான் தாயி எல்லாம் போச்சு" என்றார். பத்து வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அம்மாக்கண்ணுக்கு அது விளங்கவில்லை. "அந்தச் சொல்லு எங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுங்க" என்றாள். "பேச்சியம்மாகிட்ட சின்னராசா சொல்லி, அது சுவருக்கு மேல எட்டிப் பாத்து எங்களுக்குச் சொன்னுச்சு. அவரு உள்ள உக்காந்து அதையே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டிருப்பாரு. நமக்கு நடக்கிறதுக்கு ஒரு பேரு இருக்கு புள்ள, இங்கிலீசுலயே இருக்கு, அப்படின்னா முந்தியும் யாருக்கோ நடந்திருக்குன்னு சொல்லுவாரு. அதுல அவருக்கு ஒரு தெம்புங்க."

சோலைமலை விண்ணப்பத்தை விரித்தார். பேர், தோட்டம், வந்த வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். பிள்ளைகள் என்ற இடம் வந்தது.

"ஒண்ணுங்க" என்றாள். அவர் எழுதுமுன், "போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கிற பிள்ளைங்களத்தான் போடச் சொல்றான் தாயி."

"அப்பச் சரிங்க."

அவர் எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் நெஞ்சுச்சளி கண்டு சோலைமலை போய்விட்டார். கோட்டோடுதான் எரித்தோம். நான் அகராதியையும் கூட வைக்கச் சொன்னேன். அப்பா வேண்டாம் என்று வாங்கிக் கடைக்குள் வைத்தார். ஒரு சொல்லைத் தேடிப் பிடித்ததற்காகப் பத்து வருஷம் தன்னையே தண்டித்துக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதவேண்டும் என்று அப்போதே நினைத்தேன். ஒரு செத்த சொல் ஒரு வாரத்தை விழுங்கியது, அந்த வாரம் ஒரு பிள்ளையை விழுங்கியது. இதுதான் சோலைமலையின் கதை என்று இங்கே முடித்தும்விட்டேன்.

முடித்ததை ராசம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ராசம்மா முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறாள். அதற்கு முன்பு ஊசிப்பாறை பங்களாவில் குசினி வேலை பார்த்தவள். நான் எழுதும் எதிலும் பாதி பொய் என்று சொல்லி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பாள். இன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த ஐயா புதன்கிழமை வந்தாருன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அது ரெண்டாந் தடவைக்கா. அதுக்கு முந்தின புதன்கிழமையும் வந்தாரு. லயத்துக்குப் போகல. பங்களாவுக்கு வந்தாரு. நான்தான் தேத்தண்ணி கொண்டுபோய் வச்சேன்."

நான் காகிதத்தைப் பார்த்தேன். முந்தின புதன் என்றால், மனு திரும்பி வந்த வியாழனுக்கு முதல் நாள்.

"வேற ஏதாச்சும் காரியமா வந்திருப்பாரு, ராசம்மா."

"தாளு கையில இருந்துச்சு. சோலைமலை ஐயா எழுத்து எனக்குத் தெரியும், எங்கப்பாவுக்கும் அவருதான் எழுதினாரு. துரை வாங்கிப் படிச்சாரு. ஒரு எடத்துல விரல வச்சு என்னமோ கேட்டாரு. அந்த ஐயா சீனிக் கிண்ணத்த மேச நடுவுல நகத்தி வச்சு, சுத்திவர கரண்டி, கப்பு எல்லாத்தையும் அடுக்கிக் காட்டினாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சு, அந்த ஐயா பையிலேருந்து செவப்புப் பேனாவ எடுத்தாரு." ராசம்மா கத்தியை மறுபடி எடுத்தாள். "அவருக்கு அந்தச் சொல்லு நல்லாவே வெளங்குச்சுக்கா."

"இதை ஏன் சோலைமலைகிட்ட சொல்லல நீ?"

"எனக்கும் ஒரு காம்பரா இருந்துச்சு" என்றாள் ராசம்மா. "நீங்க அத மாத்தி எழுதுங்க. சொல்லால போகல."